சைபர் நம்பர் வீடு

இந்தக் காலத்தில் கேள்வி கேட்கிற ஜனம் ஜாஸ்தியாகிவிட்டது என்பது வேலாயுதத்தின் தீர்மானமான அபிப்பிராயம். வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் இருக்கிறதா, சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, ஓட்டு யாருக்கு என்று கேட்டுக்கொண்டு தினம் ஒருவன் வாசலில் நிற்கிறான். கழுத்தில் ஒரு நாடாவும் கையில் ஒரு ஃபைலும் இருந்தால் போதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுத்தவன் வீட்டு அடுப்படிவரை எட்டிப் பார்க்கிறார்கள். 'உங்க வீட்ல கக்கூஸ் இருக்குதாப்பா?' என்று திருப்பிக் கேட்டால் மட்டும் மூஞ்சி சுருங்கிப் போகிறது. எழுதிக்கொண்டு போகிறார்களே, அது எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது. பதில் சொல்கிற ஜனமும் அப்படித்தான். பெற்ற தகப்பனுக்குக் கொடுக்காத மரியாதையை ஃபைலோடு வந்தவனுக்குக் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஆம்பூர் தோல் கம்பெனிகளில் சுண்ணாம்புக் குழியிலும், தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய டிரம்மிலும் நாற்பத்தோரு வருஷம் கழித்தவர் வேலாயுதம். கேட்கிறவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது, காரியம் இல்லாமல் எவனும் கேட்கமாட்டான் என்பதுதான் அவர் கண்ட பாடம்.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே கேள்வி கேட்கிற தொழிலுக்கு ஒருத்தி கிளம்பினாள். வேறு யாருமில்லை, மருமகள் நிஷாதான். கல்யாணத்துக்கு முன்பே வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சமூகப் பணி டிப்ளமோவில் சேர்ந்திருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. பாதியில் கல்யாணமாகி, மீதியை மாமனார் வீடு இருக்கிற ஆம்பூர் மண்டித் தெருவிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்து முடித்தாள். அதோடு விட்டது சனியன் என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டிருந்தபோது, வேலூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதே படிப்புக்குப் பட்டம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றாள்.

"எத்தினி வருஷம்?" என்றார்.

"மூணு வருஷம் மாமா. ஆனா டிப்ளமோ முடிச்சவங்களுக்கு ஒரு சீட்டு வெச்சிருக்காங்க. நேரா ரெண்டாவது வருஷத்துல சேத்துக்குவாங்க. எனக்கு ரெண்டே வருஷம்தான்."

"இன்னா படிப்பு அது? போய் போய் மத்தவங்க வீட்டுக் கஷ்டத்தக் கேக்கறதுக்கு ஒரு படிப்பா? உங்க அத்தை தண்ணிக் குழாயாண்ட தெனம் ரெண்டு மணி நேரம் அததான் பண்றா. அவளுக்கு ஒரு பட்டம் வாங்கிக் குடு."

உள்ளேயிருந்து அமிர்தவள்ளி, "குடுத்தா வாணாம்னா சொல்றேன்?" என்றாள்.

கடைசியில் அவரே இறங்கிவந்து ஒரு கெடு வைத்தார். இரண்டு வருஷம் என்றால் போகட்டும். முதல் வருஷத்திலிருந்து மூன்று வருஷம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே படிப்புக்கு முழுக்கு. மகன் ஜீவா ஷூ கம்பெனியில் வேலை. வீட்டில் அப்பா சொல்லுக்குத் தலையாட்டுகிறவன். ஆட்டினான். நிஷாவும் சரி என்றாள்.

சீட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. டிப்ளமோவில் அவள் செய்த களப்பணியைப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ள வேண்டும். மண்டித் தெருவில் நாற்பது வீடுகளில் பேசிப் பழகி, அந்த ஜனங்களின் வேலையையும் உடம்பையும் வாழ்க்கையையும் பற்றி அவள் எழுதிய பெரிய நோட்டு அது. ஒத்துக்கொண்டால் இரண்டாம் வருஷம். இல்லாவிட்டால் முதல் வருஷம். முதல் வருஷம் என்றால் இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். தெருமுனை டீக்கடையில் வேலாயுதமும் ரஷீத் அஹமதும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே டிரம்மில் இருபது வருஷம் வேலை செய்த தோஸ்துகள். இப்போது இருவருக்கும் டீக்கடைதான் டூட்டி. ஆட்டோவிலிருந்து நாற்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கழுத்தில் நாடா, கையில் ஃபைல். செல்போனைத் தூக்கித் தெருப் பெயர்ப் பலகையைப் படம் பிடித்துவிட்டு நேராக இவர்களிடம் வந்தாள்.

"ஐயா, நிஷான்னு ஒரு பொண்ணு இந்தத் தெருவுல வீடு வீடாப் போய்ப் பேசி எழுதினாங்களா? உடம்புக்கு இன்னா, வேலை எப்படின்னெல்லாம்?"

வேலாயுதம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். போச்சு, கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். தோல் வேலை செய்கிறவன் இருமலையும் சொறியையும் ஒரு பெண் நோட்டில் எழுதுகிறாள் என்றால் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்கிற நேரம் வேறு. ஆளை அனுப்பி விசாரிக்கிறான். முதலில் நிஷா மாட்டுவாள், அப்புறம் வாய் திறந்த நாற்பது வீடும் மாட்டும்.

"நிஷாவா? அப்படி யாரும் இல்லியேம்மா" என்றார்.

ரஷீத் அஹமது ஒரு நொடி தோஸ்தின் முகத்தைப் பார்த்தார். "எந்த நிஷா? இந்தத் தெருவுலயா? வேற தெருவா இருக்கும்மா" என்றார்.

அந்த அம்மாள் நகர்ந்ததும் வேலாயுதம் உதடு அசையாமல் சொன்னார்: "பாய், பின்சந்து வழியா ஓடு. ஆடிட்டுன்னு சொல்லு."

அந்த ஒரு சொல் போதும். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஃபைலோடு ஆட்கள் வந்து, தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கிற நாளுக்கு அந்த ஊரில் ஆடிட் என்று பெயர். அவர் வேலை செய்த கம்பெனியில் அன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் பீரோவைத் திறந்து எல்லாருக்கும் கையுறையும் மாஸ்க்கும் கொடுப்பார். மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுப்பார். க்ளவுஸ் குடுத்துட்டாங்க. மாஸ்க் குடுத்துட்டாங்க. எட்டு மணி நேரம்தான் டூட்டி. சாயங்காலம் கையுறையும் மாஸ்க்கும் பீரோவுக்குத் திரும்பிவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை இப்படி நடந்து நடந்து, இப்போதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபைலைக் கண்டால் வாய் தானாக அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லும்.

வந்தவள் ஒரு மணி நேரம் தெருவில் சுற்றினாள். பத்து வீட்டு வாசலில் நின்றாள். போகும்போது முகம் தொங்கியிருந்தது. ரஷீத் அஹமது திரும்பிவந்து, "தெருவே கம்முனு ஆயிடுச்சு" என்றார். வேலாயுதம் அன்றைக்கு இரண்டாவது டீயும் வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் நிஷாவுக்கு போன் வந்தது. பேசிவிட்டு வந்து கீரை ஆய்கிற அமிர்தவள்ளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"நான் எழுதினதெல்லாம் பொய்யாம் அத்தை. யுனிவர்சிட்டிலருந்து மேடம் ஒருத்தங்க வந்து தெருவுல விசாரிச்சாங்களாம். முன்னாடியே சொல்லாம வர்றதுதான் அவங்க வழக்கமாம். நான் எந்த வீட்டுக்கும் போகலன்னு எல்லாரும் சொல்லிட்டாங்களாம். வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பதில் சொல்லணும். இல்லன்னா மொத வருஷம்தான்."

"எவன் சொன்னான் போகலன்னு? ஒரு மாசமா எங்கூட குழாயடியில உக்காந்து கெடந்தியே!" அமிர்தவள்ளி கீரையை எறிந்துவிட்டு எழுந்தாள். "எந்த நாசமாப் போறவன் சொன்னான்?"

கூடத்தில் படுத்திருந்த நாசமாய்ப் போகிறவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொல்லியிருக்கலாம். நான்தான் என்று அப்போதே சொல்லியிருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். ஆனால் அறுபத்தெட்டு வயசில் மருமகளிடம் போய்த் தப்பு நடந்துபோச்சு என்று சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மனைவியிடம் சொல்கிற பழக்கமும் இல்லை. மேலும் அவருக்கு உள்ளூர இன்னும் சந்தேகம். யுனிவர்சிட்டி மேடம் என்று போனில் சொன்னால் ஆயிற்றா? யார் பார்த்தது?

ஜீவாவுக்கு ஷிப்மெண்ட் நேரம், லீவு கிடையாது. "நீ கூடப் போயா" என்றாள் அமிர்தவள்ளி. "பொண்ணு தனியாப் போய் நாலு பேர் முன்னாடி நிக்கப் போவுது. நீ பேச வாணாம். பேசினா கெட்டுது. சும்மா உக்காந்திரு."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வேலூர் போகிறவரை நிஷா அழவில்லை.  மடியில் அந்த நோட்டின் ஜெராக்ஸை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்து வாசலில் வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். "எதுக்கு?" என்றார் வேலாயுதம். நிஷாவே இரண்டு பெயரையும் எழுதினாள். வேப்பமரமும் சிமெண்டுச் சாலையுமாக இடம் சுத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவு சுத்தமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு மண்டித் தெருவைப் பற்றி என்ன தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தார்.

துறைத் தலைவரின் அறையில் நீள மேஜை. நடுவில் தலைவர் ராமமூர்த்தி, நரைத்த தாடி, மெதுவான பேச்சு. அவர் பக்கத்தில் அன்றைக்கு வந்த அதே அம்மாள். ஷஹீன் பானு, களப்பணிக்குப் பொறுப்பு என்று சொன்னார்கள்.  கம்பெனி ஆளே இல்லை. டீச்சர்! வேலாயுதம் கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டு முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டார். அந்த அம்மாள் இவரைக் கவனிக்கவில்லை.

"உட்காரும்மா" என்றார் ராமமூர்த்தி. "உங்க டிப்ளமோ மார்க் நல்லாருக்கு. களப்பணி நானூத்தி எண்பது மணி நேரம்னு உங்க சார் கையெழுத்தும் இருக்கு. ஆனா மேடம் போய்ப் பாத்தப்ப தெருவுல ஒருத்தருக்குக்கூட உங்களத் தெரியல. ஒருத்தருக்குக்கூட ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க எழுதினது வேற மாதிரி இருக்கு. படிக்கக் கதை மாதிரி இருக்கு. அதான் கேக்கறேன், வீட்டுல உக்காந்து எழுதினீங்களா?"

"இல்ல சார்."

அவர் நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைப் படித்தார். "ஒன்பதாவது வீடு. பெண், வயது நாற்பத்தொன்று. தோல் கம்பெனி வேலை முடிந்து வந்ததும் மூன்று தடவை குளிக்கிறார். மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதில்லை. தன்மேல் வாடை வரும் என்று மகள் ஒருநாளும் சொன்னதில்லை. இவராகவே நினைத்துக்கொண்டு, தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்."

இன்னொரு பக்கம். "இருபத்திரண்டாவது வீடு. ஆண், ஐம்பத்தாறு. காது ஏறக்குறையக் கேட்பதில்லை. தெரிந்தால் வேலை போய்விடும் என்று கேட்கிற மாதிரியே சிரிக்கிறார். டிரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உள்ளங்கையை அதன் பக்கத்துத் தூண்மேல் வைத்துப் பார்ப்பார்."

வேலாயுதம் துண்டை விலக்கினார்.

இருபத்திரண்டு யார் என்று அவருக்குத் தெரியும். மூன்று வீடு தள்ளி இருக்கிறவன். பத்து வருஷமாகக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், திரும்பினால் சிரிப்பான். திமிர் பிடித்தவன் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டிருந்தார். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் இவர் போகவில்லை. ஒன்பதாவது வீடு யார் என்பதும் தெரிந்தது. எதிர்வீடுதான். நாற்பது வருஷம் அந்தத் தெருவில் கிடந்தவர் அவர். அந்த ஒரு கல்யாணம் தவிர, ஒரு வீடு விடாமல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனவர். அவர் கண்ணில் படாதது இந்த இருபத்தைந்து வயசுப் பெண்ணின் கண்ணில் எப்படிப் பட்டது? வீட்டுக்குள்ளே இவ்வளவையும் எந்த மூலையில் வைத்துக்கொண்டு இவள் சட்னி அரைத்தாள், துணி மடித்தாள்?

"உண்மைன்னா நல்லது" என்றார் ராமமூர்த்தி. "ஒரு வழி சொல்றேன். நாலு வீட்டுப் பேரும் போன் நம்பரும் குடுங்க. இங்கயே பேசிடறோம். அஞ்சு நிமிஷ வேலை."

நிஷா தலையைக் குனிந்தாள். பெயர் சொல்லப்போகிறாள் என்று வேலாயுதம் நினைத்தார். சொல்லத்தான் வேண்டும். யாராக இருந்தாலும் சொல்வார்கள். கம்பெனியில் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினால் பத்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன்கூட அடுத்தவன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவான். அவரும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"பேர் சொல்ல முடியாது சார்" என்றாள் நிஷா.

"ஏன்?"

"பேர் வெளிய போகாதுன்னு சொல்லித்தான் கேட்டேன். அந்த வார்த்தைக்காகத்தான் சொன்னாங்க. காது கேக்கலன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா அவருக்கு மறுநாள் வேலை இல்ல."

"நாங்க கம்பெனிக்குச் சொல்லமாட்டோம்மா."

"தெரியும் சார். ஆனா உங்ககிட்ட சொல்லலாமான்னு நான் அவங்கள கேக்கலியே."

ராமமூர்த்தி பேனாவை மூடினார். "அப்ப எனக்கு வேற வழி இல்ல. முதல் வருஷத்துல சேந்துக்குங்க. களப்பணிய முதல்லருந்து பண்ணிடலாம்."

"மொத வருஷம் எங்க வீட்டுல ஆகாது சார். மூணு வருஷம் விடமாட்டாங்க."

"அப்ப?"

நிஷா உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜை விளிம்பையே பார்த்தாள். ஆனால் பெயரைச் சொல்லவில்லை.

 ஒரு டிரம்மைத் தனியாளாக நெம்பி நிறுத்திய ஆட்களை வேலாயுதம் பார்த்திருக்கிறார். எரிகிற சுண்ணாம்பில் முழங்கால்வரை இறங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறார். அதெல்லாம் உடம்பு பலம். நாற்பத்தைந்து கிலோகூடத் தேறாத இந்தப் பெண், சீட்டு கையைவிட்டு நழுவுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, எதிர்வீட்டுக்காரிக்கும் திமிர் பிடித்தவனுக்கும் கொடுத்த வார்த்தையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாளே, இது என்ன மாதிரி பலம்? தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப் போவதுபோல் இருந்தது அவருக்கு.

ஷஹீன் பானு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "சார், ஒரு நிமிஷம். ஒண்ணுலருந்து நாப்பதுன்னு சொன்னாங்க. முன்னாடி இன்னொரு பக்கம் இருக்கு, சைபர்னு போட்டு. இது எந்த வீடு?"

"அது பழகறதுக்காக எழுதினது மேடம். வெளிய போறதுக்கு முன்னாடி, தெனம் பாக்கற ஒரு ஆளையே புதுசாப் பாத்து எழுதச் சொன்னாரு எங்க சார்."

ஷஹீன் பானு வாய்விட்டுப் படித்தார். "ஆண், வயது அறுபத்தெட்டு. சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் வேலை செய்ததில் விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. பிசைந்த சோறு விரலிலிருந்து நழுவிவிடும். அது யார் கண்ணிலும் படக்கூடாது என்று, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகே, இப்போதுதான் பசி வந்தது என்று சொல்லி உட்காருவார். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. சோறு உருண்டையாக நிற்கட்டும் என்று அவர் மனைவி குழம்பைக் கெட்டியாக வைக்கத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. அவர் தினமும் அந்தக் குழம்பைத் திட்டுகிறார்."



ஆறு வருஷம்! களி மாதிரி வைக்கிறாளே, புளித் தண்ணிக்குக் கூடவா பஞ்சம் என்று வேலாயுதம் நேற்றுக்கூடக் கத்தியிருந்தார். அமிர்தவள்ளி எதிர்ப்பேச்சு பேசாதவளா? எல்லாவற்றுக்கும் பேசுகிறவள், குழம்புக்கு மட்டும் பேசியதே இல்லை. இப்போதுதான் அது உறைத்தது.

"சரி, இந்த ஒரு பேரையாச்சும் சொல்லுங்க" என்றார் ஷஹீன் பானு. "ஒரு ஆளப் பாத்தாப் போதும் எனக்கு."

நிஷா தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆறடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் அந்த ஆள். அவள் திரும்பவில்லை. கழுத்துக்கூட அசையவில்லை.

"இதையும் சொல்ல முடியாது மேடம்."

வேலாயுதம் எழுந்துவிட்டார். நாற்காலி சுவரில் இடித்தது.

"அது நான்தான்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். ஷஹீன் பானு கண்ணைச் சுருக்கினார். "நீங்க... டீக்கடையில இருந்தீங்க இல்ல? நிஷான்னு யாரும் இல்லன்னு சொன்னவரு?"

"ஆமா. நான்தான் சொன்னேன். இவ மாமனாரு நான்."

நிஷா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் நேராக வாங்கிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க கம்பெனி ஆளுன்னு நெனச்சேன். இந்தப் பொண்ணு மாட்டிக்கும்னு நெனச்சேன். ஆடிட்டுன்னு ஆள் விட்டு தெருவுக்கே சொல்லிட்டேன். எல்லாம் என் வேலைதான். இவமேல ஒண்ணும் இல்ல."

"ஆடிட்டுன்னா?" என்றார் ராமமூர்த்தி.

அவர் சொன்னார். பீரோவையும் மூன்று வாக்கியத்தையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ஷஹீன் பானு கைப்பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

"சார், நான் க்ளவுஸ் பத்திக் கேக்கவே இல்ல. பாருங்க. முதல் வீடு, 'க்ளவுஸ் குடுத்துட்டாங்க, மாஸ்க் குடுத்துட்டாங்க, எட்டு மணி நேரம்தான் டூட்டி.' ரெண்டாவது வீடு, அதேதான். மூணாவது, அதே. பூ கட்டற ஒரு அம்மா, அவங்க கம்பெனிக்கே போனதில்ல, அவங்களும் எட்டு மணி நேரம்தான் டூட்டின்னாங்க. எனக்கு அப்பவே ஏதோ மாதிரி இருந்துச்சு."

ராமமூர்த்தியின் தாடிக்குள் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. "பெரியவரே, நீங்க வீட்டு ஆளு. வெளி ஆள் ஒருத்தர் சொன்னா நல்லாருக்கும்."

வேலாயுதம் தன் பட்டன் போனை எடுத்து ரஷீத் அஹமதுவை அழைத்து மேஜைமேல் வைத்தார். நிஷா ஸ்பீக்கரைப் போட்டுக்கொடுத்தாள்.

"இன்னா தோஸ்த், எங்க இருக்கற?"

"பாய், அன்னிக்கி வந்த ஃபைல் அம்மா என் பக்கத்துலதான் இருக்காங்க. கம்பெனி இல்ல, காலேஜ் டீச்சரு. நிஷா உங்க வூட்டுக்கு வந்து பேசுச்சா இல்லியா, உள்ளதச் சொல்லு."

 ரஷீத் அஹமதுவின் குரல் ரொம்ப மரியாதையாக வந்தது. "எந்த நிஷா? இங்க ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க மேடம். க்ளவுஸ் குடுத்துட்டாங்க. மாஸ்க் குடுத்துட்டாங்க. எட்டு மணி நேரம்தான் டூட்டி."

"யோவ், நீ வேலைய விட்டு நாலு வருஷம் ஆவுது, உனக்கு ஏது டூட்டி!"

"தோஸ்த், உன்னப் புடிச்சி வெச்சிருக்காங்களா? அப்படின்னா ரெண்டு தபா இருமு. ஆளக் கூட்டினு வர்றேன்."

ஷஹீன் பானு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாய்" என்றார் வேலாயுதம். குரல் இறங்கியிருந்தது. "என்னால அந்தப் பொண்ணுக்கு சீட்டு போவுது பாய்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். "நம்ம நிஷாவுக்கா? அல்லா! மேடம், கேளுங்க மேடம். அந்தப் பொண்ணு எங்க வூட்டுக்கு ஒரு மாசம் வந்துச்சு. மொத பதினஞ்சு நாளு ஒரு கேள்வி கேக்கல. ஃபைல் கிடையாது, பேனா கிடையாது. எங்க பீபியோட உக்காந்து அரிசியில கல்லு பொறுக்கும், போயிடும். அப்புறம் நானே அதாண்ட எல்லாத்தயும் கொட்டிட்டேன். இன்னா சொன்னேன்னு கேக்காதீங்க. அது அந்தப் பொண்ணுக்குத்தான் சொன்னது. உங்களுக்கு இல்ல."

ராமமூர்த்தி போனைப் பார்த்து, "கேக்கல பாய், ரொம்ப நன்றி" என்றார். நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிஷாவையே பார்த்தார். முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிற அந்த மனுஷனின் முகத்திலும், இவளைப் பார்த்துத் தனக்கு வந்த அதே வியப்புதான் இருக்கிறது என்று வேலாயுதத்துக்குப் பட்டது.

"திங்கக்கிழமை ரெண்டாம் வருஷ வகுப்புக்கு வந்துடுங்க" என்றார் அவர். "ஒண்ணு சொல்லணும். வீட்டு ஆள எழுதினா அவர்கிட்டயும் கேட்டுட்டுதான் எழுதணும். அத நீங்க கேக்கல. அதுக்காக ராணிப்பேட்டையில இன்னொரு நூறு மணி நேரம் களப்பணி சேத்துப் பண்ணணும். சரியா?"

"சரிங்க சார்" என்றாள் நிஷா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேகமாகத் துடைத்துக்கொண்டாள்.

ஷஹீன் பானு ஒரு தாளை வேலாயுதத்தின் முன்னால் நகர்த்தினார். "ஐயா, சைபர் நம்பர் வீட்ட நேர்ல பாத்து உறுதி பண்ணோம்னு எழுதியிருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைல்ல சேத்துடுவேன்."

வேலாயுதம் தாளைப் பார்த்தார். எழுத்து நெருக்கமாக இருந்தது.

"இந்த ஃபைலு எங்க போவும்?"

"இங்கதான் பீரோவுல இருக்கும்."

"பீரோவுலயா!" என்றார். "வாயால சொன்னேன்ல. நாலு பேரு கேட்டீங்கல்ல. போதும். கையெழுத்தெல்லாம் கெடையாது."

"வேணாம் மேடம்" என்றாள் நிஷா அவசரமாக. "பேர் இல்லாமயே இருக்கட்டும்." பிறகு மாமனாரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டுவதற்கு உரிமை இருந்தது. "மாமா, ஃபார்ம் எழுதணும், அரை மணி நேரம் ஆகும். வெளிய நெழல்ல உக்காருங்க" என்றாள்.

"உக்கார்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். நீ முடிச்சுட்டு வா" என்று கிளம்பினார். கதவருகில் நின்று, ராமமூர்த்தியிடம் திரும்பி, "அதான் அவளுக்கே எல்லாம் தெரியுதே சார். இன்னும் ரெண்டு வருஷம் இன்னாத்த சொல்லிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியே வந்துவிட்டார்.

சிமெண்டுச் சாலையில் வெயில் ஏறியிருந்தது. இருபத்திரண்டாவது வீட்டுக்காரனிடம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று யோசனை ஓடியது. அவனுக்குத்தான் கேட்காதே. குழம்பைப் பற்றி அமிர்தவள்ளியிடம் வாய் திறப்பதா வேண்டாமா என்பதும் புரியவில்லை. இதற்கெல்லாம் அந்தப் படிப்பில் பதில் இருக்குமா? இருக்காது. கேட்கத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆறு வருஷம் ஒரு பொம்பளை பேசாமல் கெட்டிக் குழம்பு வைத்தாளே, எந்தக் காலேஜில் படித்தாள்?

வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டி, வெளியே போகிற நேரத்தை எழுதச் சொன்னான். "போறது தெரியல? கண்ணு இல்ல உனக்கு?" என்றார். ஆம்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று அவனையே கேட்டார். அவன் வலதுபக்கம் கை காட்டினான். வேலாயுதம் பத்தடி நடந்து, இளநீர் விற்கிறவனிடம் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அவன் சொன்னதையும் முழுசாக நம்பாமல் நடந்தார்.